வண்டிக்கும் பிறப்புக் குற்றமா?

ஒவ்வோராண்டும் ஐப்பசி பிறந்ததும் தில்லியின் வானம் சாம்பல் பூசிக்கொள்கிறது. கூடவே ஒரு விவாதமும் தொடங்குகிறது. மாசியில் காற்று சற்றே தெளிந்ததும் விவாதம் ஓய்ந்துவிடுகிறது. அடுத்த ஐப்பசியில் அதே சொற்களோடும் அதே கோபத்தோடும் மீண்டும் எழுகிறது. இந்த விவாதத்தில் பழைய டீசல் வண்டிக்கு நிரந்தரமாக ஒதுக்கப்பட்ட வேடம் வில்லன் வேடம்.

நம் இலக்கியச் சூழலில் இதைப் பற்றிப் பேசுகிறவர்கள் இரு தரப்பாக நிற்கிறார்கள். முதல் தரப்புக்குப் பழைய வண்டி என்றாலே அருவருப்பு. அதை நசுக்கி இரும்பாக்கிவிட்டால் குழந்தைகள் மூச்சு விடலாம் என்கிறது அது. இரண்டாம் தரப்பு அதை உழைப்பாளியின் வண்டி என்று சொல்லிப் புனிதப்படுத்துகிறது. புகையைப் பற்றிப் பேசுவதையே மேட்டுக்குடிக் கவலை என்று ஒதுக்குகிறது. இரண்டு தரப்பையும் என்னால் ஏற்க இயலவில்லை. எந்த மெக்கானிக்கும் முதலில் கேட்கக்கூடிய ஒரு கேள்வியை இருவருமே கேட்பதில்லை. அந்த வண்டியின் புகையைக் குறைக்க முடியுமா? முடியுமென்றால், செலவழித்துக் குறைத்தவனுக்குச் சட்டம் என்ன மதிப்புத் தருகிறது?

என் தரப்பைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறேன். தரத்தை நிபந்தனையாக்கும் அரசு, பழைய வண்டி அந்தத் தரத்தை எட்டுவதற்கான வழியையும் திறந்து வைக்கக் கடமைப்பட்டது. வழியை அடைத்துவிட்டு நிபந்தனையை மட்டும் விதித்தால், அதற்குச் சூழலியல் என்று பெயர் சூட்டுவது ஏமாற்று.

*

முதலில் சட்டத்தின் கதை. 2015 ஏப்ரல் 7 அன்று தேசியப் பசுமைத் தீர்ப்பாயம், பத்தாண்டைக் கடந்த டீசல் வண்டிகள் தில்லி, தலைநகர் வட்டாரச் சாலைகளில் ஓடக்கூடாது என்றது. 2018 அக்டோபர் 29 அன்று உச்சநீதிமன்றம் அதை உறுதிசெய்தது. 2025 ஜூலை 1 முதல் அத்தகைய வண்டிகளுக்குத் தில்லியில் எரிபொருளே தரக்கூடாது என்று காற்றுத்தர மேலாண்மை ஆணையம் உத்தரவிட்டது. எதிர்ப்பு எழவே சில நாட்களில் அது தள்ளிவைக்கப்பட்டது. ஆகஸ்ட் 12 அன்று, வயதை மட்டும் காரணம் காட்டி உரிமையாளர்கள்மீது கடும் நடவடிக்கை எடுக்க வேண்டாம் என்றது உச்சநீதிமன்றம். டிசம்பர் 17 அன்று தன் உத்தரவைத் திருத்தி, பி.எஸ்.4 தரமும் அதற்கு மேலும் உள்ள வண்டிகளுக்கு மட்டுமே அந்தப் பாதுகாப்பு என்று வரையறுத்தது.

இதற்கிடையே இன்னொரு கதவு மூடப்பட்டது. தில்லியில் பதிவாகாத வணிகச் சரக்கு வண்டிகளில் பி.எஸ்.6, சி.என்.ஜி., எல்.என்.ஜி., மின்சார வண்டிகள் தவிர மற்றவை 2025 நவம்பர் 1 முதல் தில்லிக்குள் நுழையக்கூடாது என்றது ஆணையம். பி.எஸ்.4 வண்டிகளுக்கு 2026 அக்டோபர் 31 வரை அவகாசம் வைத்தது.

பத்தாண்டுகளில் மூன்று அளவுகோல்கள். முதலில், வண்டி எந்த ஆண்டில் பதிவானது? அடுத்து, அது எந்த ஊரில் பதிவானது? கடைசியாக, ஆலையைவிட்டு வெளிவந்த நாளில் அதன் தரப்பிரிவு எது? பிறந்த நாள், பிறந்த ஊர், பிறந்த பிரிவு. இன்று காலை அதன் புகைக்குழாயிலிருந்து என்ன வருகிறது என்ற கேள்வி மட்டும் இம்மூன்றிலும் இல்லை.

பிறப்பைக் கொண்டு எதையும் எடைபோடாதே, செயலைப் பார் என்று ஈராயிரம் ஆண்டாகச் சொல்லிவரும் மொழியில் நாம் எழுதுகிறோம். மனிதர்மேல் சுமத்தப்பட்ட பிறப்பிழிவோடு ஓர் இயந்திரத்தின் நிலையை ஒப்பிடுவது அத்துமீறல் என்பதை அறிவேன். இந்த உவமையை அவ்வளவு தூரம் இழுக்கவில்லை. ஆயினும் இயந்திரத்துக்குப் பின்னால் ஒரு மனிதன் இருக்கிறான். அவன் செய்யக்கூடிய எதுவும் தீர்ப்பை மாற்றாது என்று சொல்லும் சட்டத்தில் ஏதோ அடிப்படையான கோளாறு இருக்கிறது.

அந்த மனிதனை ஓர் உதாரணமாகக் கற்பனை செய்துகொள்வோம். அரியானாவின் சோனிபட்டில் 2018இல் பதிவான ஒரு சிறிய டீசல் சரக்கு வண்டி. நம் ஊரில் குட்டியானை என்றும் அங்கே சோட்டா ஹாத்தி என்றும் செல்லப்பெயர் பெற்ற ரகம். விடியுமுன் கிளம்பி, சிங்கு எல்லையைக் கடந்து, ஆசாத்பூர் மண்டியில் காலிஃப்ளவரை இறக்குகிறது. தரம் பி.எஸ்.4. அதே ஆண்டு, அதே ஆலை, அதே எஞ்சின் கொண்ட இன்னொரு வண்டி தில்லிப் பதிவெண்ணோடு அதே மண்டியில் நிற்கிறது. நுழைவுத் தடையுத்தரவு முதல் வண்டியைத் தொடுகிறது, இரண்டாவதைத் தொடுவதில்லை. இரண்டின் புகையும் ஒன்றே. அதைச் சுவாசிக்கும் மண்டிச் சுமைக்கூலியின் நுரையீரல் பதிவெண்ணைப் படிப்பதில்லை.

*

இந்த வண்டியை மேம்படுத்த முடியுமா? இங்கேதான் நம் விவாதங்கள் வழக்கமாக உணர்ச்சிக்குள் நழுவிவிடுகின்றன. எனவே எண்களிலிருந்து தொடங்குகிறேன்.

இந்தச் சிறிய ரகத்துக்கு பி.எஸ்.3 விதி கிலோமீட்டருக்கு 50 மில்லிகிராம் நுண்துகளை அனுமதித்தது. பி.எஸ்.4 அதை 25 ஆக்கியது. பி.எஸ்.6 அதை 4.5 ஆகச் சுருக்கியது. இந்தப் பெரும் பாய்ச்சலைச் சாத்தியமாக்கியதில் முதன்மைப் பங்கு எஞ்சினுக்குப் பின்னால் வைக்கப்பட்ட ஒரு வடிகட்டிக்கு உரியது. தேன்கூடு போன்ற பீங்கான் கட்டி; ஒன்றுவிட்டு ஒன்றாக வாயடைக்கப்பட்ட நுண்குழாய்கள். புகை அவற்றின் சுவரில் உள்ள துளைகள் வழியே கசிந்துதான் வெளியேற வேண்டும். கரி சுவரிலேயே தங்கிவிடும். நன்றாக இயங்கும் வடிகட்டி நுண்துகள்களில் 90 விழுக்காட்டுக்கு மேல் பிடித்துவிடும்.

இதைப் பழைய வண்டியில் பொருத்துவதற்கு நம் நாட்டில் முன்பு ஒரு பெருந்தடை இருந்தது. அது டீசலில் இருந்த கந்தகம். பி.எஸ்.3 காலத்து டீசலில் பத்து லட்சத்தில் 350 பங்கு கந்தகம் இருக்கலாம், பி.எஸ்.4 டீசலில் 50. கந்தகம் வடிகட்டியின் வினையூக்கிப் பூச்சைக் கெடுத்துவிடும். தில்லியில் 2018 ஏப்ரலிலும் நாடு முழுவதும் 2020 ஏப்ரலிலும் 10 பங்கு மட்டுமே கந்தகம் உள்ள டீசல் வந்துவிட்டது. அதாவது, வடிகட்டி எந்த எரிபொருளுக்காகக் காத்திருந்ததோ அந்த எரிபொருள் இன்று ஒவ்வொரு பங்கிலும் கிடைக்கிறது. பழைய வண்டியும் அதைத்தான் குடிக்கிறது. ஆனால் சோனிபட் வண்டிக்காரர் தன் செலவில் ஒரு தரமான வடிகட்டியைப் பொருத்திக்கொண்டாலும் ஆர்.சி.யில் அவர் வண்டி பி.எஸ்.4 ஆகவே இருக்கும். எல்லையில் நிற்கும் காவலர் பார்ப்பது அதைத்தான்.

மின்வண்டியாக மாற்றிக்கொள்ளலாமே என்பார்கள். விதி இருக்கிறது, மறுக்கவில்லை. பழைய டீசல் வண்டிகளை மின்வண்டியாக மாற்றி ஓட்டலாம் என்று தில்லி அரசும் 2021இல் அறிவித்தது. ஆனால் பாட்டரி, மோட்டார், கட்டுப்பாட்டுக் கருவி எல்லாம் சேர்ந்த விலை, பழைய வண்டியின் சந்தை விலையை எளிதாகத் தாண்டிவிடும். சி.என்.ஜி.க்கு மாற்றுவதும் எளிதல்ல. டீசல் எஞ்சினில் தீப்பொறிச் செருகி கிடையாது. அழுத்த விகிதம் வேறு. எஞ்சினின் தலையைத் திறந்து பிஸ்டன் வரை மாற்ற வேண்டும், இல்லையேல் எஞ்சினையே மாற்ற வேண்டும். வசதியுள்ளவர் இவ்வழிகளில் செல்லட்டும். எஞ்சியவர்களுக்கு வடிகட்டி என்ற மூன்றாம் வழி ஏன் அடைபட்டிருக்கிறது என்பதே என் கேள்வி.

*

அந்த வழியை அரசு அறியாததல்ல. இக்கட்டுரையை எழுத என்னைத் தூண்டிய கசப்பான செய்தி இதுதான். டீசல் ஜெனரேட்டர்களுக்கு இதே தலைநகர் வட்டாரத்தில், இதே ஆணையம், இதே வழியை அனுமதித்திருக்கிறது. புகையைக் குறைக்கும் கருவியைப் பின்னர் பொருத்திக்கொள்; நுண்துகள்களில் குறைந்தது 70 விழுக்காட்டை அது பிடிக்க வேண்டும்; அங்கீகரிக்கப்பட்ட சோதனைக்கூடத்தில் மெய்ப்பிக்கப்பட்டிருக்க வேண்டும். மத்திய மாசுக்கட்டுப்பாட்டு வாரியம் 2022இல் அதற்கான நடைமுறையை வகுத்தது. ஆணையத்தின் 2023ஆம் ஆண்டு உத்தரவு அதை ஏற்றது.

ஜெனரேட்டர் யாருடையது? அடுக்ககத்தினுடையது, மருத்துவமனையினுடையது, வணிக வளாகத்தினுடையது. மின்சாரம் போனால் மின்தூக்கி நின்றுவிடும் என்று கவலைப்படுகிறவர்களுடையது. அவர்களுடைய பழைய டீசல் எஞ்சினுக்குத் திருந்தும் வாய்ப்பு உண்டு. காய்கறி ஏற்றும் பழைய டீசல் எஞ்சினுக்கு அது கிடையாது. ஜெனரேட்டர் நிலையாக ஓடுகிறது, வண்டி நின்று நின்று ஓடுகிறது என்று பொறியியல் காரணம் சொல்லலாம். அதில் உண்மை உண்டு. அந்தக் காரணம் வேறொரு சோதனை முறையைக் கோருகிறது. கதவை அடைக்கச் சொல்லவில்லை.

தில்லியின் பழைய வரலாறும் இங்கே நினைவுகூரத் தக்கது. 1998 ஜூலை 28 அன்று உச்சநீதிமன்றம் நகரின் பேருந்துகள் முழுவதையும் சி.என்.ஜி.க்கு மாற்றும்படி உத்தரவிட்டது. இழுத்தடிப்புகளுக்குப் பின் 2002 இறுதியில் அது நிறைவேறியது. புதிதாக வாங்கப்பட்டவையே மிகுதி என்றாலும், பழைய பேருந்தின் எஞ்சினை மாற்றியமைக்கும் வழியும் அன்று இருந்தது. மாற்று என்பது அன்றைய சொல். அகற்று என்பது இன்றைய சொல். இடைப்பட்ட ஆண்டுகளில் நம் பொது மனம் எங்கே நகர்ந்தது என்பதற்கு இந்த இரண்டு சொற்களே சான்று.

*

வேறொரு நகரம் இதே சிக்கலை எப்படி எதிர்கொண்டது என்று பார்க்கலாம். டோக்கியோவின் ஆளுநர் ஷிந்தாரோ இஷிஹாரா 1999இல் டீசலுக்கு எதிரான இயக்கத்தைத் தொடங்கினார். கரி நிறைந்த ஒரு பிளாஸ்டிக் புட்டியைச் செய்தியாளர்களின் முன் குலுக்கிக் காட்டினார். 1956இல் அகுதகாவா பரிசு பெற்ற நாவலாசிரியர் அவர்; ஒரு படிமத்தின் வலிமை தெரிந்தவர். அவருடைய தேசியவெறி அரசியலில் எனக்கு எள்ளளவும் உடன்பாடு இல்லை. ஆனால் 2003 அக்டோபர் 1 முதல் டோக்கியோவும் அண்டை மாவட்டங்களும் நடைமுறைப்படுத்திய விதி கவனத்துக்குரியது. முதற்பதிவிலிருந்து ஏழாண்டுகள் சலுகை. அதன்பின், தரத்தை எட்டாத டீசல் லாரியும் பேருந்தும் ஓடக்கூடாது. அல்லது அங்கீகரிக்கப்பட்ட துகள் குறைப்புக் கருவியைப் பொருத்திக்கொள்ள வேண்டும். கருவிக்கு மானியமும் உண்டு. கடுமையான விதிதான். ஆனால் அந்த 'அல்லது' அதில் இருந்தது. என் வாதம் முழுவதும் அந்த ஒற்றைச் சொல்லுக்காகத்தான்.

இக்கதையின் இரண்டாம் பாதியை மறைத்தால் நான் நேர்மையற்றவனாவேன். 2004 நவம்பரில், மிட்சுய் நிறுவனம் விற்ற வடிகட்டிகளின் சோதனைத் தரவுகள் பொய்யாகப் புனையப்பட்டவை என்பது வெளிவந்தது. 20,000க்கும் மேற்பட்ட கருவிகள் அவ்வாறு விற்கப்பட்டிருந்தன. பிரிட்டனிலும் பழைய பேருந்துகளில் நைட்ரஜன் ஆக்சைடைக் குறைக்கப் பொருத்தப்பட்ட கருவிகள், சாலையில் அளந்தபோது எதிர்பார்த்ததில் சிறு பகுதியையே குறைத்தன. 2023இல் அரசு அதற்கான நிதியை நிறுத்திவைத்தது.

எனவே எதிர்த்தரப்பு கேட்கும்: ஜப்பானிலேயே ஏமாற்றினார்கள் என்றால் இங்கே என்ன நடக்கும்? நியாயமான கேள்வி. நம் ஊர்ப் புகைச் சான்றிதழின் இலட்சணம் யாவரும் அறிந்ததே. 2025 ஏப்ரலில் தில்லி சட்டப்பேரவையில் வைக்கப்பட்ட தணிக்கை அறிக்கையின்படி, அனுமதித்த அளவைத் தாண்டிப் புகை விட்ட 1.08 லட்சத்துக்கும் மேற்பட்ட வண்டிகளுக்குச் சான்றிதழ் வழங்கப்பட்டிருக்கிறது. சோதிக்கப்பட்ட டீசல் வண்டிகளில் 24 விழுக்காட்டுக்கு அளவீடே பதிவாகவில்லை. பதிவான இடத்திலும் டீசலுக்கான சோதனை புகையின் கருமையை மட்டுமே பார்க்கிறது. நைட்ரஜன் ஆக்சைடை அளப்பதில்லை. கண்ணுக்குத் தெரியாத நுண்துகளின் எண்ணிக்கையையும் அளப்பதில்லை.

ஆனால் இந்த உண்மை எந்தத் தரப்புக்கு வலுச் சேர்க்கிறது? அளக்கத் தெரியாத, அளக்க விரும்பாத நிர்வாகம், அளப்பதற்குப் பதிலாக ஆர்.சி.யைப் புரட்டிப் பிறந்த தேதியைப் பார்க்கிறது. வயது என்னும் அளவுகோலின் கவர்ச்சியே அதற்கு எந்தக் கருவியும் எந்த நேர்மையும் தேவையில்லை என்பதுதான். அதற்கான விலையை வண்டிக்காரர் கட்டுகிறார். தன் தம்பிகளின் ஊழலைத் திருத்த முடியாத குடும்பத்தலைவர், பக்கத்து வீட்டுக்காரனைத் தெருவைவிட்டுப் போகச் சொல்வதைப் போன்றது இது.

அளப்பது முடியாத காரியமும் அல்ல. பெல்ஜியம் 2022 ஜூலையிலும் நெதர்லாந்து 2023 ஜனவரியிலும் ஜெர்மனி 2023 ஜூலையிலும் வடிகட்டியுள்ள டீசல் வண்டிகளின் வழக்கமான ஆய்வில் துகள் எண்ணும் கருவியைப் புகுத்திவிட்டன. எஞ்சின் சும்மா ஓடும்போதே புகைக்குழாயில் ஒரு குழலைச் செருகினால் சில நிமிடங்களில் தெரிந்துவிடும், வடிகட்டி வேலை செய்கிறதா, உடைந்திருக்கிறதா, கழற்றி வீசப்பட்டிருக்கிறதா என்று. இந்தக் கருவி எல்லாப் பழைய வண்டிக்கும் நீதி சொல்லும். புதிய பி.எஸ்.6 வண்டியில் வடிகட்டியைக் கழற்றிவிட்டு ஓட்டுபவரையும் காட்டிக்கொடுக்கும். பிறப்பை மட்டும் பார்க்கும் சட்டத்தில் பின்னவர் உத்தமர்.

*

என் தரப்பின் எல்லைகளையும் சொல்லிவிடுகிறேன். வடிகட்டி கரியைப் பிடிக்கும். நைட்ரஜன் ஆக்சைடைப் பிடிக்காது. அதற்கு யூரியாக் கரைசல் தெளிக்கும் வேறொரு அமைப்பு வேண்டும். சிறிய வண்டிக்கு அது பெருஞ்செலவு. வடிகட்டியில் சேரும் கரியை எரிக்க ஏறத்தாழ 600 டிகிரி வெப்பம் வேண்டும். வினையூக்கி இருந்தால் சற்றுக் குறையலாம். நெரிசலில் ஊர்ந்து செல்லும் வண்டியின் புகைக்குழாய் அந்த வெப்பத்தை எட்டுவது அரிது. எனவே இரவில் மின்சாரம் கொடுத்துச் சூடாக்கும் ஏற்பாடோ, கழற்றிச் சுத்தம் செய்யும் பட்டறையோ தேவைப்படும். எஞ்சின் ஆயில் குடித்தால் வடிகட்டி சில வாரங்களில் அடைத்துக்கொள்ளும். ஆகவே முதலில் இன்ஜெக்டரையும் பம்பையும் பிஸ்டன் வளையங்களையும் சரிசெய்தாக வேண்டும். அப்படியும் தேறாத வண்டிகள் உண்டு. பி.எஸ்.3க்கு முந்தைய வண்டிகளில் பெரும்பாலானவை அப்படிப்பட்டவையே. அவை போகட்டும், நான் அழப்போவதில்லை. டீசல் புகை புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2012இலேயே உறுதிப்படுத்திவிட்டது. பழமைப் பாசத்தால் அதை மறைக்கும் எழுத்து இலக்கியமே ஆனாலும் எனக்கு வேண்டாம்.

நான் கேட்பவை மூன்று.

ஒன்று: நகரத்துக்குள் நுழையும் உரிமையை அளவீட்டோடு பிணையுங்கள். மத்திய அரசு 2021இல் அறிவித்த பழைய வண்டிக் கொள்கையே தகுதிச் சோதனையில் தோற்ற வண்டியைத்தான் ஆயுள் முடிந்தது என்கிறது. தலைநகர் மட்டும் வேறு நியாயம் பேச வேண்டியதில்லை.

இரண்டு: ஜெனரேட்டருக்கு வகுத்ததைப் போல வண்டிக்கும் கருவி அங்கீகார நடைமுறையை வகுங்கள். புனேயிலும் மானேசரிலும் சோதனைக்கூடங்கள் இருக்கின்றன. வடிகட்டி பொருத்தி, துகள் எண்ணிக்கையில் தேறிய பி.எஸ்.4 வண்டிக்கு ஆர்.சி.யில் அதைப் பதிந்து, சில ஆண்டுகளுக்கு மட்டும் அனுமதி கொடுங்கள். ஆண்டுக்கு இருமுறை அளவுங்கள்; தோற்றால் அனுமதியைப் பறியுங்கள்.

மூன்று: பணம். 2015 அக்டோபரில் உச்சநீதிமன்றம் தில்லிக்குள் நுழையும் வணிக வண்டிகளுக்குச் சுற்றுச்சூழல் இழப்பீட்டுக் கட்டணம் விதித்தது. இலகு வண்டிக்கு 700 ரூபாய். அதே டிசம்பரில் அது 1,400 ஆனது. காய்கறி, பால் போன்றவற்றை ஏற்றிவரும் வண்டிகளுக்கு இருந்த விலக்கும் 2025இல் நீக்கப்பட்டது. வண்டிக்காரர்கள் கட்டிய பணம் அது. பொதுப் போக்குவரத்துக்கும் நடைபாதைக்கும் செலவிட வேண்டும் என்பது நீதிமன்றத்தின் நோக்கம், நல்ல நோக்கம். அதில் ஒரு பங்கு அவர்களுடைய வடிகட்டிக்கும் திரும்பட்டும்.

வழியே இல்லாவிட்டால் என்ன நடக்கும் என்பதையும் எண்ணிப் பார்க்க வேண்டும். தில்லியிலிருந்து விலக்கப்பட்ட வண்டி பெரும்பாலும் உருக்காலைக்குப் போவதில்லை. தடையில்லாச் சான்று பெற்று வேறு மாநிலத்துக்குப் போகிறது. பசுமைத் தீர்ப்பாயமே 2016இல், பதினைந்து ஆண்டை எட்டாத டீசல் வண்டிகளை வாகன நெரிசல் குறைந்த இடங்களுக்கு அனுப்பலாம் என்றது. அதாவது புகை ஒழிக்கப்படவில்லை, முகவரி மாற்றப்பட்டது. தொலைக்காட்சிக் கேமரா இல்லாத சிற்றூரின் குழந்தை அதைச் சுவாசிக்கும். அங்கே காற்றை அளக்கும் நிலையமும் பெரும்பாலும் இராது. அளக்கப்படாத புகை புகையே அல்ல என்று நாமும் நிம்மதியாக இருந்துவிடலாம்.

பழைய வண்டியைப் பாடும் நண்பர்களுக்கும் அதைச் சபிக்கும் நண்பர்களுக்கும் சொல்ல ஒன்றுதான் இருக்கிறது. வரும் ஐப்பசியில் தில்லியின் வானம் மீண்டும் சாம்பல் பூசிக்கொள்ளும்போது, வண்டியின் வயதைக் கேட்குமுன் அதன் புகைக்குழாயில் ஒரு குழலைச் செருகிப் பாருங்கள் என்று நாமும் சேர்ந்து கேட்போம். கருவி சொல்லும் பதில் வண்டிக்காரருக்கு எதிராக இருந்தால், அன்று நானும் அவரிடம் வண்டியை விட்டுவிடச் சொல்வேன்.